இரண்டு உரிமங்கள், ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் மாற்றுத்திறன் உள்ள ஒரு குழந்தைக்குக் கல்வித் திட்டம் வகுக்கக் கூடும் கூட்டத்தில் யார் யார் உட்கார வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. பெற்றோர் இருக்க வேண்டும். மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் சார்பில் ஒருவரும், சோதனை முடிவுகளை விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். குழந்தை பொது வகுப்பில் படிக்கிறது, அல்லது படிக்கக்கூடும் என்றால், பொது வகுப்பு ஆசிரியர் ஒருவராவது வர வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவராவது வர வேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கில் இந்த ஆண்டு என்னென்ன வரும் என்பது முன்னவருக்குத் தெரியும். அது இந்தக் குழந்தைக்கு ஏன் ஏறவில்லை, எப்படிச் சொன்னால் ஏறும் என்பது பின்னவருக்குத் தெரியும்.

மேசையின் இருபுறமும் உட்காரும் இந்த இருவரும் பெரும்பாலும் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு பேராசிரியர்களிடம் படித்து, வெவ்வேறு உரிமங்களோடு வந்தவர்கள். இரண்டு அறிவையும் ஒரே ஆளிடம் சேர்க்க முடியாதா என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததுதான், தொடக்கக் கல்விக்கும் சிறப்புக் கல்விக்கும் சேர்த்தே ஆசிரியரைத் தயாரிக்கும் இரட்டை உரிமப் படிப்பு. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது நடக்கிறது.

கேள்வி வெறும் நிர்வாகம் சார்ந்ததல்ல. 2022-23 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்விச் சேவை பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர். மொத்த மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம். பள்ளி வயதில் இருக்கும் இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பள்ளி நேரத்தின் 80 சதவீதத்தையோ அதற்கு மேலோ பொது வகுப்பில்தான் கழிக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரிய பிரிவு, சுமார் 32 சதவீதம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிப்பில்தான் தடை. அடுத்து வருபவர்கள் பேச்சிலும் மொழியிலும் தடை உள்ளவர்கள், அதன் பிறகு நாட்பட்ட உடல்நலக் குறைவும் கவனக் குறைபாடும் உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள். ஆக, சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தையைப் பெரும்பாலான நேரம் கையில் வைத்திருப்பவர் சாதாரணத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அந்தக் குழந்தைக்காகவே படித்து வந்தவரோ வாரத்துக்குச் சில மணி நேரம்தான் அதனோடு இருக்கிறார்.

இந்தப் பிரிவு எப்படி வந்தது?

அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் தொடங்கியது. முதல் நாள் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பெண்கள். சைரஸ் பியர்ஸ் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி வைத்து, படித்ததை அங்கே குழந்தைகளிடம் நடத்திப் பார்க்கச் செய்தார். படிப்பும் செய்முறையும் சேர்ந்த அந்த அமைப்பு இன்றுவரை ஆசிரியர் பயிற்சியின் எலும்புக்கூடாக இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி மனதில் வைத்திருந்த குழந்தைக்குக் கண் தெரியும், காது கேட்கும், சொன்னது சொன்னபடி ஏறும். மற்றக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள், விடுதிகள். பல குழந்தைகளுக்கு வீட்டின் உள்ளறை.

1899இல் நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில், குடியேறிகளின் நெரிசலான தெருக்களுக்கு நடுவே, முதலாம் எண் அரசுப் பள்ளியில் எலிசபெத் ஃபாரெல் என்ற ஆசிரியை வகுப்பு எண் இல்லாத ஒரு வகுப்பைத் தொடங்கினார். வழக்கமான வகுப்பில் தேறாதவர்கள், பள்ளியே வேண்டாம் என்று சுற்றிய பையன்கள், நோயால் பல மாதங்கள் விடுபட்டவர்கள் என எல்லோரும் அங்கே வந்தார்கள். 1922இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கூடியவர்கள் சிறப்புக் குழந்தைகளுக்கான சர்வதேச மன்றத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் ஃபாரெல்தான். ஒரு தொழிலுக்கு அமைப்பு கிடைத்தது, தரங்கள் கிடைத்தன, தனிப் படிப்புகள் கிடைத்தன. அதே வேகத்தில் அந்தத் தொழில் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் தொழிலிலிருந்து விலகியும் போனது.

விலகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு அதற்கும் முந்தைய சாட்சி ஒன்று உண்டு. 1887 மார்ச் 3ஆம் தேதி அலபாமாவின் டஸ்கம்பியாவுக்கு வந்து இறங்கிய ஆனி சலிவனுக்கு வயது இருபது. பாஸ்டனின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் முந்தைய ஆண்டுதான் படிப்பை முடித்திருந்தார். பார்வையும் செவியும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணுக்கு அந்தப் பள்ளியில் சாமுவேல் ஹோவ் எப்படிக் கற்பித்தார் என்ற அறிக்கைகளைப் படித்துத் தயாரானதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. அவர் கற்பிக்க வந்தது, பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் என்ற சிறுமிக்கு. கையில் எழுதிய சொல்லுக்குப் பொருள் உண்டு என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் கண்டுகொண்டதை உலகமே அறியும். அதைவிட ஆசிரியர்களுக்குப் பயனுள்ள செய்தி, அடுத்த சில நாட்களில் சலிவன் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, பேசத் தொடங்கும் வயதுடையது, பேச்சை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று அவர் உட்கார்ந்து கவனித்தார். யாரும் அதற்கு மணி அடித்துப் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் முழு வாக்கியங்களில் பேசினார்கள். அது முதலில் புரிந்துகொண்டது, பிறகு பேசியது. சலிவன் நேரம் குறித்த பாடங்களைக் கைவிட்டார். கைக்குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் உள்ளங்கையில் முழு வாக்கியங்களை எழுத்துக்கூட்டத் தொடங்கினார். சிறப்புக் கல்வியின் மிகப் புகழ்பெற்ற முறை ஒரு சாதாரணக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்ததிலிருந்து பிறந்தது. இரட்டை உரிமத்துக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தனித்து வைத்தல் ஆழமாகிக்கொண்டே போனது. 1965இன் இறுதியில் பர்ட்டன் பிளாட் என்ற கல்விப் பேராசிரியர், ஃபிரெட் கப்லன் என்ற புகைப்படக்காரரோடு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சில அரசு விடுதிகளுக்குள் சென்றார். கப்லனின் இடுப்புக் கச்சையில் மறைத்திருந்த கேமரா எடுத்த படங்கள் அடுத்த ஆண்டு நூலாக வந்தன. நெரிசலான கூடங்கள், ஆடையில்லாத மனிதர்கள், பூட்டிய அறைகள். படங்களைப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். நீதிமன்றங்களும் அசைந்தன. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் 1971, 1972 ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள், குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்றன. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, தகுந்த அரசுக் கல்வியை உரிமையாக்கியது. அதற்கு முன்பு பத்து லட்சம் குழந்தைகள் பள்ளி அமைப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருந்ததாக நாடாளுமன்றமே அந்தச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறது.

குழந்தைகள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர யார் தயாராக இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பல்கலைக்கழகங்கள் சிறப்புக் கல்வித் துறைகளை விரிவாக்கின. தொடக்கக் கல்வி மாணவிக்கு, மாற்றுத்திறன் குறித்து அறிமுகமாக ஒரே ஒரு பாடம் என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. குழந்தைகளைச் சட்டம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த பிறகும் அவர்களின் ஆசிரியர்கள் இரண்டு கூரைகளின்கீழேயே படித்தார்கள்.

சிராகியூஸ் பல்கலைக்கழகம் இதை மாற்றத் துணிந்த முன்னோடிகளில் ஒன்று. பிளாட் 1969இல் அங்கே வந்து சேர்ந்திருந்தார். அந்த நகரத்தில் ஜோவோனியோ என்ற சிறு பள்ளி, 1970களின் நடுவிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் மற்றக் குழந்தைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆசிரியர்கள் பார்த்துக் கற்க அருகிலேயே இப்படி ஓர் இடம் இருந்தது பெரிய பேறு. 1990 வாக்கில் சிராகியூஸ் தன் தொடக்கக் கல்விப் படிப்பையும் சிறப்புக் கல்விப் படிப்பையும் ஒன்றாக இணைத்தது. அதில் சேரும் எல்லோரும் இரண்டுக்கும் சேர்த்தே தயாரானார்கள்; சிறப்புக் கல்வி விருப்பப்பாடமாக ஓரத்தில் நிற்கவில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் கதையில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. இணைந்த கல்விக்காக உழைத்த டக்ளஸ் பிக்லன் என்ற பேராசிரியர், ஆஸ்திரேலியாவில் கண்ட ஒரு முறையை 1990இல் அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். பேச்சில்லாத ஆட்டிசக் குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ ஓர் உதவியாளர் தாங்கிப் பிடிக்க, குழந்தை தட்டச்சுப் பலகையில் எழுத்துகளைத் தொடும். வாக்கியங்கள் வந்தன, கவிதைகள்கூட வந்தன. பெற்றோர்கள் கண்ணீர் விட்டார்கள். நாடு முழுவதும் ஆசிரியர்கள் இந்த முறையில் பயிற்சி பெற்றார்கள். 1993இல் நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் ஒரு சோதனை நடந்தது. உதவியாளருக்கு ஒரு படமும், அவர் கை தாங்கியவருக்கு வேறொரு படமும் காட்டினார்கள். பலகையில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். எழுதிக்கொண்டிருந்தது அவர்தான், அவருக்கே தெரியாமல். அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. உதவியாளர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. குழந்தைமேல் அன்பும் அதன் அறிவின்மேல் நம்பிக்கையும் நிறைந்தவர்கள். அன்பும் நம்பிக்கையும் தவறான முறையைச் சரியாக்கிவிடாது என்பதைக் குழந்தைகளின் பல ஆண்டுகளை இழந்த பிறகுதான் அந்தத் தலைமுறை அறிந்தது. சிறப்புக் கல்விப் படிப்பில் ஆய்வு முறை ஏன் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

இரட்டை உரிமத்துக்குப் படிப்பவர் உண்மையில் என்ன கற்கிறார்? மனித வளர்ச்சி, கல்வி உளவியல், கணக்கு, அறிவியல், சமூகவியல் கற்பிக்கும் முறைகள் என்று பட்டியல் நீளும். உயிரான இடம் வாசிப்பு. இரண்டு உரிமங்களும் சந்திக்கும் இடமும் அதுதான். மாசசூசெட்ஸில் தொடக்கக் கல்வி உரிமத்துக்கும், மிதமான மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குக் கற்பிக்கும் உரிமத்துக்கும் ஒரே வாசிப்பு அடிப்படைத் தேர்வைத்தான் எழுத வேண்டும். ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு, சரளம், சொல்வளம், பொருள் புரிதல் ஆகியவை அதில் வரும்.

ஒலிக்கும் எழுத்துக்கும் இப்படி முதலிடம் கிடைத்தது எளிதில் வந்த மாற்றம் அல்ல. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முன்பின் வாக்கியத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று ஊகி என்றுதான் பல ஆண்டுகள் அமெரிக்கப் பயிற்சிக் கல்லூரிகள் சொல்லிக்கொடுத்தன. எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காத ஆங்கிலத்தில், வீட்டில் புத்தகம் உள்ள குழந்தைகள் பலர் எப்படியோ கரையேறினார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தை ஊகித்து ஊகித்து மூன்றாம் வகுப்புக்கு வந்து, அங்கே படங்கள் குறைந்ததும் நின்றுவிடும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக 1930களிலேயே நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் வேறொரு வழியை உருவாக்கியிருந்தார்கள். ஒலியை முதலில் பிரித்துக் காட்டுவது, எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதிப் பழக்குவது, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற்றுவது என்பது அதன் போக்கு. சிறப்புக் கல்வி அறைக்குள் அந்த வழி பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒலி-எழுத்துத் தொடர்பை முறையாகச் சொல்லிக்கொடுப்பது பொதுவாகவே குழந்தைகளுக்குப் பயன் தருகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் பேசிக்கொண்டிருந்திருந்தால் இந்தச் செய்தி பொது வகுப்புக்கு இவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்தச் செய்தி பொது வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததன் விளைவை மிசிசிப்பியில் காணலாம். நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013இல் நாட்டிலேயே 49ஆம் இடத்தில் இருந்த ஏழை மாநிலம் அது. அந்த ஆண்டு வாசிப்புக்கென ஒரு சட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கிடைத்தது, பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள் வந்தார்கள், மூன்றாம் வகுப்பில் வாசிக்க இயலாதவர்களை நிறுத்திவைத்துக் கூடுதல் உதவி தரும் விதி வந்தது. புதிதாகத் தொடக்கப்பள்ளி உரிமம் கேட்பவர்களும் வாசிப்பு அடிப்படைத் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். 2024இல் அந்த மாநிலம் 9ஆம் இடத்துக்கு வந்தது. மாணவர்களை நிறுத்திவைத்ததன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது. அது நியாயமான விவாதமும்கூட. ஆசிரியரின் அறிவை மாற்றாமல் இந்த ஏற்றம் நடந்திருக்காது என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை.

வாசிப்புக்கு அடுத்தபடியாகப் பயிற்சி ஆசிரியர் கற்க வேண்டியது அளக்கும் பழக்கம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ 1970களிலும் 80களிலும் உருவாக்கிய முறை வியக்கத்தக்க அளவு எளியது. வகுப்புத் தரத்துக்கு ஏற்ற ஒரு பத்தியைக் கொடுத்து, குழந்தையை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வாரம்தோறும் இதையே செய்ய வேண்டும். ஆண்டின் இறுதியில் குழந்தை எட்ட வேண்டிய எண்ணிக்கையை நோக்கி முன்பே ஒரு கோடு வரைந்திருப்பார்கள். அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், மாற்றவேண்டியது பாடம் நடத்தும் முறையை. குழந்தைக்கு மூளை இல்லை, வீடு சரியில்லை, கவனம் போதாது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆண்டுத் தேர்வு வரை காத்திருந்து தோல்வியைக் கண்டுபிடிப்பதற்கும் ஐந்தாவது வாரத்திலேயே திருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு ஒரு குழந்தையின் வாழ்நாளையே மாற்றிவிடக்கூடியது. இந்தப் பழக்கத்துக்குப் பணமோ கருவியோ தேவையில்லை, கட்டுப்பாடு தேவை. பயிற்சிக் காலத்தில் படியாத கட்டுப்பாடு பிறகு படிவது அரிது.

நடத்தை விஷயத்திலும் இதே பார்வை. கணக்குப் பாட வேளையில் ஒரு பையன் மேசையைத் தள்ளிவிடுகிறான் என்றால், அதற்கு முன்பு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். சில நாட்களில் ஓர் ஒழுங்கு தெரியும். எழுத்தில் உள்ள கணக்கு வரும்போதெல்லாம் மேசை தள்ளப்படுகிறது, தள்ளியதும் அவனை வெளியே அனுப்புகிறார்கள், கணக்கிலிருந்து தப்பித்துவிடுகிறான். தண்டனை என்று பள்ளி நினைத்தது அவனுக்குப் பரிசாக இருந்திருக்கிறது. அவனுக்கு வராதது வாசிப்பு என்று அப்போது புரியும். தொடக்கக் கல்வியும் சிறப்புக் கல்வியும் படித்தவருக்கு இந்த முடிச்சு சீக்கிரம் அவிழும்.

பின்பு சட்டமும் எழுத்தும். குழந்தையின் இன்றைய நிலை, ஓராண்டில் எட்ட வேண்டிய, அளக்கக்கூடிய இலக்குகள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்ன சேவை, தேர்வில் என்ன சலுகை ஆகியவை எல்லாம், முதலில் சொன்ன கூட்டம் வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை திட்டம் மறுபரிசீலனைக்கு வரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை குழந்தைக்கு மறுமதிப்பீடு. எழுதுவது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் எண்ட்ரூ எஃப். வழக்கைப் பார்க்க வேண்டும். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே இலக்குகளையே பள்ளி மாவட்டம் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. பெற்றோர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்ற வாதத்தை ஏற்காமல், குழந்தையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றம் தரக்கூடியதாகத் திட்டம் இருக்க வேண்டும் என்று 2017 மார்ச்சில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இலக்கு எழுதும் வகுப்புகளின் எடை கூடிவிட்டது. வாசிப்பு மேம்படும் என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. நிமிடத்துக்கு 40 சொல் வாசிக்கும் பிள்ளை மே மாதத்துக்குள் எத்தனை வாசிக்கும் என்று எழுதினால் அது இலக்கு.

உரிமம் தருவது மத்திய அரசின் வேலை அல்ல, மாநிலங்களின் வேலை என்பதால் பாதைகள் பலவாகப் பிரிகின்றன. நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே மாற்றுத்திறன் மாணவர்களுக்கான ஆசிரியர் என்ற பெயரில் வழங்கும் தகுதி தனியாக நிற்பதில்லை. தொடக்கக் கல்வி உரிமமோ வேறொரு பாட உரிமமோ கூடவே இருக்க வேண்டும். பாடம் தெரியாமல் சிறப்புக் கல்வி இல்லை என்ற நல்ல கொள்கை அந்த விதிக்குள் இருக்கிறது. 1855இல் டிரென்டனில் மாநிலத்தின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, இன்று நியூ ஜெர்சி கல்லூரி என்ற பெயரில் இயங்கும் நிறுவனம், இரண்டையும் முதுகலைப் பட்டத்தோடு சேர்த்து ஐந்து ஆண்டுப் படிப்பாக நடத்துகிறது. ஐந்து ஆண்டு என்பது செலவும் காலமும் அதிகம்தான். இரண்டு தொழில்களின் சுமையை நான்கு ஆண்டுக்குள் திணித்து இரண்டையும் மெலிதாக்குவதைவிட அது நேர்மையான வழி.

செய்முறைப் பயிற்சிக்கான விதியும் நியூ ஜெர்சியில் இறுகியது. முழு நேரப் பயிற்சிக்கு முந்தைய பருவத்தில் 175 மணி நேரம் வகுப்பறையில் இருக்க வேண்டும்; அதன்பின் ஒரு முழுப் பருவம் தினமும் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். உரிமம் பெற்று வேலையில் சேர்ந்த பிறகும் முதல் ஆண்டில் ஒரு மூத்த ஆசிரியர் வழிகாட்டியாக உடனிருப்பார். அதே சமயம், விண்ணப்பதாரர்கள் எழுதிவந்த அடிப்படைத் திறன் தேர்வை 2025 ஜனவரி முதல் மாநிலம் நீக்கிவிட்டது; பாடத் தேர்வு தொடர்கிறது. நியூ ஜெர்சியில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் சிலரும் இந்த வாசலில் நிற்கிறார்கள். இந்தியப் பட்டத்தை அங்கீகாரம் பெற்ற ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்ற சான்று பெற்ற பிறகுதான் அவர்களுக்கு மற்றப் படிகள் தொடங்கும்.

இவ்வளவு படிகளைத் தாண்டி வரத் தயாராக இருப்பவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் ஆண்டுதோறும் சிறப்புக் கல்வியைப் பற்றாக்குறைத் துறை என்று அறிவிக்கின்றன. முழுத் தகுதி இல்லாதவர்களை அவசர அனுமதியின்பேரில் வகுப்புக்குள் விடுவது பல இடங்களில் நிரந்தர வழக்கமாகிவிட்டது. மிகத் தேர்ந்த ஆசிரியர் தேவைப்படும் குழந்தைக்கு மிகக் குறைந்த பயிற்சி பெற்றவர் கிடைக்கிறார். இதில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தாங்கும் என்று 1975இல் சொன்ன சொல் ஓர் ஆண்டுகூட நிறைவேறியதில்லை.

டென்னசி ஒரு புதிய வழியைத் திறந்தது. பள்ளிகளில் ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் உதவியாளர்களாக இருக்கும் உள்ளூர் மக்களையே ஆசிரியர்களாக்குவது அதன் நோக்கம். கிளார்க்ஸ்வில்-மான்ட்கோமரி பள்ளி மாவட்டமும் ஆஸ்டின் பீ பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பயிற்சியை, மின்பணியாளருக்கும் குழாய்ப் பணியாளருக்கும் உள்ளதுபோன்ற பதிவு பெற்ற தொழிற்பழகுநர் திட்டமாக 2022 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் துறை ஏற்றது. ஆசிரியர் தொழிலில் இத்தகைய முதல் திட்டம் இது. பகலில் சம்பளத்தோடு வகுப்பறை வேலை, மற்ற நேரத்தில் கட்டணமில்லாக் கல்வி. மாநிலம் இப்படிப்பட்ட கூட்டுமுயற்சிகளுக்குக் கொடுத்த நிதியின் நோக்கங்களில் ஒன்று, ஒரு பாட உரிமத்தோடு சிறப்புக் கல்வியிலோ ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதிலோ இரட்டைத் தகுதி பெறச் செய்வது. பல ஆண்டுகள் குழந்தைகளுக்குச் சோறூட்டி, கழிப்பறைக்கு அழைத்துப் போய், சினத்தைத் தணித்து அனுபவப்பட்ட ஓர் உதவியாளர் கல்லூரிப் பாடத்தில் நடத்தை ஆய்வைப் படிக்கும்போது, பதினெட்டு வயது மாணவிக்குத் தோன்றாத கேள்விகள் அவருக்குத் தோன்றும். பயிற்சியின் தரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் இது மிக நல்ல வழி.

இத்தகைய முயற்சிகளுக்கு நிதி எப்போதும் உறுதியாக இருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் மத்தியக் கல்வித் துறை, ஆசிரியர் பயிற்சிக்கான சுமார் 60 கோடி டாலர் மானியங்களை ரத்து செய்தது. பல்கலைக்கழகமும் பள்ளிகளும் இணைந்து நடத்தும் ஆசிரியர் பயிற்சிகளுக்கான மானியங்களும் அதில் அடங்கும். மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. வழக்கு நடக்கும்போதே நிதியை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் அனுமதித்தது. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கும் அவர்களை எதிர்பார்த்திருந்த பள்ளிகளுக்கும் அது பெரிய அடி.

இரட்டை உரிமத்தின் மீதே வைக்கப்படும் ஒரு வலுவான எதிர்வாதமும் உண்டு. இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டால் சுமை குறைந்த கதவு வழியாகப் போய்விடுவார்கள் என்பது அது. வாஷிங்டன் மாநிலத்தில் சிறப்புக் கல்விப் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதை ஓரளவு உறுதி செய்தது: சிறப்புக் கல்வியோடு வேறொரு தகுதியும் பெற்றவர்கள், சிறப்புக் கல்வித் தகுதி மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு வந்தார்கள். பயிற்சிக் காலத்தில் சிறப்புக் கல்வித் தகுதியுள்ள வழிகாட்டியின்கீழ் இருந்தவர்கள் அந்த வகுப்புகளுக்கு அதிகமாக வந்ததையும் அதே ஆய்வு காட்டியது. கவலை உண்மையானது. ஆனாலும் பொது வகுப்புக்குப் போன ஆசிரியரை இழப்பு என்று கணக்கெழுதுவது சரியாகப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அவரிடம்தானே இருக்கிறார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஹவாய் வேறொரு விடையை முயன்று பார்த்தது. 2020 ஜனவரி முதல் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் கூடுதலாக வழங்கத் தொடங்கியது. காலியாகக் கிடந்த இடங்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏற்கெனவே சிறப்புக் கல்வியில் இருந்தவர்கள் வேலையை விட்டுப் போவது இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. நிரம்பிய இடங்களுக்குப் பெரும்பாலும் வந்தவர்கள், அதே மாநிலத்தில் பொது வகுப்புகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள்.